மூளையின் மீட்சி: ‘ஐஸ்’ எனும் நஞ்சை விட்ட பின்னர்

விழா மலரொன்றில் கல்லூரியின் வெற்றிகளைப் போற்றுதலே மரபு. எனினும், இம்மலரை ஏந்தும் கைகளுட் சில, பிள்ளையொருவனைப் போதைப்பொருளினின்றும் மீட்க முயன்று களைத்த கைகளாகவும் இருத்தல் கூடும். அன்னார்க்கும், ஆசிரியர்க்கும், மாணவர்க்கும் பயன்படுமாறு ஒரு வினாவை ஈண்டு எடுத்து ஆராய்வாம். நஞ்சை விட்டவனுடைய மூளை மீண்டும் நலம் பெறுமா? பெறுமாயின், எத்துணைக் காலத்திற் பெறும்?

போதைப்பொருள்கள் பல, அவை மூளையைத் தாக்கும் முறைகளும் பல. அனைத்தையும் ஒருங்கே கூறப்புகின் ஒன்றும் விளங்காது. ஆதலின், இற்றைநாளில் நம் நாட்டில் ‘ஐஸ்’ என வழங்கும் மெதாம்பெற்றமினையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வாம்.

நஞ்சின் வரலாறும் செயலும்

யப்பானிய இரசாயன அறிஞரான நாகாய் நாகயோசி என்பார் 1893ஆம் ஆண்டில் இப்பொருளை முதன்முதல் ஆக்கினார். 1919ஆம் ஆண்டில் அகிரா ஒகாத்தா என்பார் இதனைப் பளிங்கு வடிவிற் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் யேர்மனியப் படையினரும் யப்பானியப் படையினரும் உறக்கத்தையும் களைப்பையும் வெல்லுதற்கு இதனை உட்கொண்டனர். போர் முடிந்தபின் யப்பானியப் பொதுமக்களிடையே இப்பழக்கம் பரவவே, அந்நாட்டரசு 1951இல் தனிச்சட்டம் இயற்றி அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

இந்நஞ்சு மூளையில் யாது செய்கின்றது? மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள. ஒரு கலத்துக்கும் மற்றொரு கலத்துக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்லும் இரசாயனத் தூதுவர்களுள் டோபமின் என்பது ஒன்று. உணவிலும் விளையாட்டிலும் நண்பர் கூட்டத்திலும் பரீட்சை வெற்றியிலும் நாட்டத்தை எழுப்புவதும், ‘இதனை மீண்டும் செய்க’ என மூளைக்குக் கற்பிப்பதும் அதன் தொழில். தூது முடிந்ததும், கலத்தின் வாயிலிலுள்ள கடத்திகள் அதனை மீண்டும் உள்ளே எடுத்துச் சேமித்துக்கொள்ளும்.

ஐஸ் இம்முறைமையைத் தலைகீழாக்குகின்றது. சேமிப்பிலுள்ள டோபமினை வெளியே தள்ளுகின்றது. உள்ளெடுக்க வேண்டிய கடத்திகளையே வெளியே கொட்டும் வாயில்களாக மாற்றிவிடுகின்றது. கட்டுடைந்த குளத்தை ஒக்கும் இந்நிலை. வெள்ளம் பாயும்பொழுது களிப்பு மிகும். பின்னரோ குளம் வறளும். நாள்தோறும் வெள்ளம் பாயின், மூளை தன்னைக் காத்தற்பொருட்டு டோபமினை ஏற்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். கடத்திகளும் குறையும், நரம்பு நுனிகளும் பழுதுறும்.

மீட்சியின் கால அளவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் நோரா வோல்கோவ் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் செய்த ஆராய்ச்சி 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்நஞ்சுக்கு அடிமையாயிருந்து அதனை விட்ட ஐவரின் மூளைகளை அவர்கள் இருமுறை படமெடுத்தனர். முதன்முறை, விட்டு ஆறு மாதங் கழியுமுன்; இரண்டாம் முறை, விட்டு 12 முதல் 17 மாதங்கள் சென்றபின். டோபமின் கடத்திகள் மூளையின் ஒரு பாகத்தில் 19 வீதமும் மற்றொரு பாகத்தில் 16 வீதமும் கூடியிருந்தன. பழுதுற்ற மூளை தன்னைத் தானே திருத்திக்கொள்ள முயல்கின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும், நினைவாற்றலையும் உடலசைவையும் அளக்கும் சோதனைகளில் அவ்வளவுக்கு முன்னேற்றம் தோன்றவில்லை. அக்குழுவினரே 2004இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மூளையின் சத்திப் பயன்பாடு தலமசு என்னும் பாகத்தில் மீண்டமையும், வேறொரு பாகத்தில் குறைவாகவே நின்றமையும் காணப்பட்டன. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. ஆதலின் ஒவ்வொருவர்க்கும் இத்தனை மாதம் என நாள் குறித்தல் பொருந்தாது. மேலும், இந்நஞ்சு இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால் மூளைக் குருதிக்குழாய் வெடித்து இறந்துபட்ட கலங்கள் மீள்வதில்லை. பெரும்பாலும் மீட்சி உண்டு; ஆனால் அது மெல்ல வரும், முழுமையாக வாராமலும் போகலாம் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

இவ்வுண்மையை வீட்டு வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பாம். விட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களில் மிகுந்த துயிலும் பசியும் உளச்சோர்வும் தோன்றும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் சிலர்க்கு எழுமாதலின் அந்நாள்களில் அவரைத் தனியே விடலாகாது. வைத்தியரை நாடல் வேண்டும். அதன்பின் உடல் தேறும், முகம் தெளியும். ‘பிள்ளை சுகமாகிவிட்டான்’ எனப் பெற்றோர் மகிழ்வர். மெய்யான சோதனை தொடங்குவது அப்பொழுதேயாம். ஏற்பிகள் இன்னும் குறைந்தேயிருத்தலால், தாய் சமைத்த சோறும் சுவைக்காது. துடுப்பாட்டமும் திருவிழாவும் இன்பந் தாரா. புத்தகத்தில் மனம் நில்லாது. வீட்டார் இதனைச் சோம்பல் என்பர். ஆசிரியர் அசட்டை என்பர். உண்மையில் அது வறண்ட குளம் நிரம்புமளவும் உள்ள காலம். அக்காலத்தில் ஏச்சொன்று கேட்டால், உடனே இன்பந்தரும் ஒரேயொரு பொருள் எதுவென அவன் மூளை நன்கறியும்.

வீடும் கல்லூரியும் செய்யற்பாலன

முதலாவது, சூழலை மாற்றுதல். வியட்நாமிற் போர்புரிந்த அமெரிக்கப் படைவீரர் பலர் ஆங்கு ஹெரோயினுக்கு அடிமையாயினர். 1971இல் நாடு திரும்பியோரை லீ றொபின்ஸ் அம்மையார் ஆராய்ந்தபொழுது, நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் ஆங்கு அடிமைப்பட்டிருந்தமை தெரிந்தது. ஆயின், அவ்வாறு அடிமைப்பட்டிருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையாயினர். நஞ்சோடு பின்னிய இடமும் தோழரும் கடலுக்கப்பால் நின்றமை இதற்கு ஒரு காரணம் என்பர். நம் இளைஞனோ சிகிச்சை முடிந்து அதே ஒழுங்கைக்கும் அதே கூட்டாளிகளுக்கும் திரும்புகின்றான். பழகிய சந்தியைக் கண்ட மாத்திரத்தே வேட்கை எழும். ஆகவே, அவனுக்குச் சில மாதங்களாயினும் வேறோர் உறவினர் இல்லமோ, வேறொரு பொழுதுபோக்கோ அமைத்துக்கொடுத்தல் நன்று.

இரண்டாவது, உடற்பயிற்சி. கலிபோர்னியாவில் ஐஸ் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 19 பேரிடையே நிகழ்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக எட்டு வாரம் பயிற்சி செய்தோரிடத்தே டோபமின் ஏற்பிகளின் அளவு உயர்ந்தது. பயிற்சியின்றிச் சுகாதாரக் கல்வி மட்டும் பெற்றோரிடத்தே அவ்வுயர்ச்சி காணப்படவில்லை. கல்லூரி மைதானமும் ஒரு மருந்தகமாகலாம் என்பதை இது காட்டும்.

மூன்றாவது, தகுதியுடையாரின் துணை. ஹெரோயின் அடிமைக்கு மெதடோன் முதலிய மருந்துகள் உள. ஐஸுக்கு அவ்வாறு உறுதிப்பட்ட மருந்து இன்னும் இல்லை. உளவளத்துணையும் ஒழுக்கப் பயிற்சியுமே இதற்குரிய சிகிச்சை. அரசினர் வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளையும், 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையும் நாடலாம். வேறு பொருள்களுக்கு அடிமையானோர் பற்றி இரு எச்சரிக்கைகளும் ஈண்டுக் கூறற்பாலன. நெடுங்காலம் மிகுதியாக மது அருந்தினவர் வைத்தியர் துணையின்றித் திடீரென விடின் வலிப்புக் கண்டு இறத்தலுங் கூடும். ஹெரோயினைச் சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவை மீண்டும் எடுப்பின், தாங்குந்திறன் குறைந்துவிட்ட உடல் அதனைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என நான்கு உறுப்புகளாகச் சிகிச்சையை வகுத்துள்ளார். உறுதியான மருந்து இல்லாத இந்நோய்க்கு நான்காம் உறுப்பே பெருந்துணை. தவறிய மாணவனுக்குக் கதவடைத்தல் எளிது. பிற மாணவரைக் காக்கவேண்டிய கடமை அதிபருக்கு உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், சிகிச்சை பெற்று மீண்டவனைச் சேர்ப்பதற்கு ஒரு வழி வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டு, அவனுக்கெனப் பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர். மாலையில் மைதானத்துக்கு அழைத்துச்செல்லும் பழைய மாணவர் ஒருவர். இடையில் ஒருமுறை இடறினும், அதனை நோயின் இயல்பெனக் கொண்டு மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச்செல்லும் பொறுமை. நம் பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலே மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகுக. பெருநிதி வேண்டா, மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் ஈவோர் சிலர் முன்வரின் போதும்.