ஃப்ளாரன்ஸ் காத்திருக்கட்டும்

கேள்வி: படிப்புக்காக ஆறு மாதம் இத்தாலியின் பொலோன்யாவில் தங்கப் போகிறேன். சனி, ஞாயிறுகளில் மறுமலர்ச்சிக் கால ஊர்களைப் பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில்: எல்லோரும் ஃப்ளாரன்ஸுக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஃபெராராவுக்குப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எஸ்தே குடும்பம் ஆண்ட ஊர். 1492-இல் எர்கோலே பிரபு, பியாஜோ ரொசெத்தி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஊரை விரிவாக்கத் தொடங்கினார். அன்று போட்ட அகன்ற, நேரான தெருக்களில்தான் இன்றும் நடப்பீர்கள். வைர மாளிகையின் சுவர்களில் 8,000-க்கும் மேற்பட்ட பளிங்குக் கற்கள், ஒவ்வொன்றும் பட்டை தீட்டிய வைரம்போல் கூராகச் செதுக்கியவை. வெயில் சாயும் நேரத்தில் அவற்றின் நிழல் நகர்வதைப் பார்க்கவாவது அங்கே போய் நில்லுங்கள். ஊரைச் சுற்றிச் சுமார் 9 கிலோமீட்டர் பழைய மதில். வாடகை சைக்கிள் போதும்.

அடுத்து மான்துவா. மோதெனாவில் ரயில் மாற வேண்டும். ஓவியர் மன்தேன்யா 1465 முதல் 1474 வரை சுவரோவியங்கள் வரைந்த ‘மணமக்கள் அறை’ ஒன்றுக்காகவே போகலாம். முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஓவியர் ரஃபேல் பிறந்த உர்பினோவுக்கு ரயில் இல்லை. பெசரோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். உர்பினோவில் ஓர் இரவு தங்குங்கள்.

இத்தாலியில் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், தவறினால் அபராதம்.