மலைக் குடியிருப்புக்குப் போகிறீர்களா?

ஆனைமலைக் காட்டுக்குள் காடர், முதுவர், மலசர் குடியிருப்புகள் உண்டு. வால்பாறைப் பக்கம் ‘செட்டில்மெண்ட்’ என்பார்கள். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வரட்டும். காற்றில் யானை வாசனை வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை நிச்சயம். பேன்ட் கால்முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது; தோலை ஒட்டி நகத்தை நுழைத்து மெல்ல நெம்பினால் வாயை விட்டுவிடும். ரத்தம் உறையாதபடி அது செய்துவிடுவதால் கொஞ்ச நேரம் வடியும், பயம் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஊருக்குள் முதலில் பெரியவர்களைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லுங்கள். முதுவர் குடியில் ஒதுங்கி நிற்கும் குடிசை, மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தங்கும் இடமாக இருக்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் பாக்கெட் வேண்டவே வேண்டாம்; அந்த உறை காட்டில்தான் கிடக்கும்.

தேன் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். உயிரைப் பணயம் வைத்து மரமும் பாறையும் ஏறி எடுத்தது அது. அதைச் சேகரித்து விற்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அவர்களுடைய உரிமை. வீட்டிலிருந்தே கண்ணாடி பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள்.