எலி பிடித்த நாய் பரிசு பெற்ற கதை

பட்டுப் போன்ற நீண்ட உரோமம், நெற்றியில் ரிப்பன், மடியில் அடங்கும் உடல். யார்க்‌ஷயர் டெரியர் என்றதும் தோழியர் பலருக்கு நினைவில் வருவது இத்தோற்றமே. இதன் முன்னோர் எலி பிடித்துப் பிழைத்தவை என்றால் நம்புவீர்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளர் பலர் வேலை தேடி வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்கு வந்தனர். கூடவே தங்கள் சிறு டெரியர் நாய்களையும் கொண்டுவந்தனர். ஆலைகளில் எலித் தொல்லை மிகுதி. ஆகவே நாய்க்கும் வேலை மிகுதி. அங்கே உள்ளூர் நாய்களுடன் கலந்து ஒரு புதிய இனம் உருவாயிற்று. அதன் உரோமமும் தறியில் நெய்ததுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம்!

இங்கிலாந்தில் முறையான முதல் நாய்க் கண்காட்சி 1859-இல் நியூகாசிலில் நடந்தது. வேட்டைப் பிரியர்களின் பாயின்ட்டர், செட்டர் நாய்களுக்கே அதில் இடம். 1861-இல் நெசவாளரின் நாயும் கண்காட்சியில் ஏறியது, ஆனால் ஸ்காட்ச் டெரியர் என்ற இரவல் பெயரில். 1870-இல் வெஸ்ட்மர்லாந்து கண்காட்சியைக் கண்ட பத்திரிகையாளர் ஒருவர், யார்க்‌ஷயரில் இத்துணை சீர்பெற்ற நாய்க்கு அவ்வூர்ப் பெயரே தகும் என்று எழுதினார். அப்பெயரே நிலைத்தது. 1873-இல் தோன்றிய கென்னல் கிளப்பும் மறு ஆண்டே அதைத் தன் பதிவேட்டில் ஏற்றது.

இவ்வினத்தின் தந்தை என்று போற்றப்படுவது ஹட்டர்ஸ்ஃபீல்டு பென். 1865-இல் பிறந்த இதனை வளர்த்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்றவர் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த திருமதி ஃபாஸ்டர். நாய்க் கண்காட்சி பெரும்பாலும் ஆண்களின் உலகமாயிருந்த காலம் அது! பென் எலி பிடிக்கும் போட்டியிலும் வென்றது, அழகிலும் வென்றது; எழுபதுக்கு மேற்பட்ட பரிசுகள் பெற்றது. 1871-இல் வண்டியில் அடிபட்டு இறந்தபோது அதற்கு வயது ஆறுதான். அதன் குட்டிகள் பல அதைவிடச் சிறியவை. சிறிய நாய்க்கே விலை ஏறியது.

பரிசு வந்ததும் வேலை போயிற்று. நடுவர்கள் நீண்ட உரோமத்தை விரும்பவே, அதற்கு எண்ணெய் தடவிச் சுருட்டிக் கட்டினர். சொறிந்து உரோமத்தைக் கெடுக்காதிருக்கப் பின்னங்கால்களுக்குக் காலுறை போட்டனர். காலுறை போட்ட நாய் எந்த எலியைத் துரத்தும்? இதுவாவது சிரிப்புக்குரியது, காதுகள் கூராக நிற்கவேண்டும் என்று அவற்றை வெட்டிய வழக்கமோ கொடுமையானது. 1890-களின் இறுதிக்குள், காது வெட்டிய நாய்களுக்குப் போட்டியில் இடமில்லை என்று கென்னல் கிளப் விதித்தது. அதன்பின், காது தானே நிமிர்ந்து நிற்கும் குட்டிகளைத் தேர்ந்து வளர்க்கலாயினர்.