மகிழ்ச்சியின் வேர்

பின்வரும் உரைநடைப் பகுதியை வாசித்திடுக.

பினாங்கு மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அந்நகரில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொகிதீனால் நிறுவப்பட்டது. நோன்பு மாதத்தில் அங்குக் காய்ச்சப்படும் கஞ்சியைப் பெற மாலை வேளையில் மக்கள் கூடுவர். பகல் முழுதும் பசித்திருந்தவர் முகத்தில் மலர்ச்சி தெரிகிறது. இம்மகிழ்ச்சி எங்கிருந்து பிறக்கிறது?

திருக்குர்ஆன் மகிழ்ச்சியை மறுக்கவில்லை. அதன் வேரை ஆராய்கிறது. அதில் காரூன் என்னும் செல்வந்தன் வருகிறான். அவனுடைய கருவூலச் சாவிகளைச் சுமப்பதே வலிமைமிக்க ஆட்களுக்கும் பாரமாக இருந்தது. தன் அறிவால்தான் செல்வம் சேர்ந்தது என அவன் செருக்குற்றான். இறுதியில் வீட்டோடு மண்ணுள் புதைந்தான். இறைநம்பிக்கையோடு நற்செயல் புரிபவர், ஆணாயினும் பெண்ணாயினும், நல்வாழ்வு பெறுவர் என்று 16ஆம் அத்தியாயம் கூறுகிறது. செருக்கில் முளைத்த மகிழ்ச்சி நிலைக்காது. அறத்தில் முளைத்ததே நிலைக்கும்.

அவ்வாறாயின், நல்லோர்க்குத் துயரமே இல்லையா? யூசுப் நபியின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அண்ணன்மார் சிறுவன் யூசுபைக் கிணற்றில் போட்டுவிட்டு, ஓநாய் தின்றுவிட்டதாகத் தந்தையிடம் பொய்யுரைத்தனர். தந்தை யஃகூப் நபி பொறுமையை மேற்கொண்டார். ஆயினும், ஆண்டுகள் கடந்தும் மகனை எண்ணி வருந்தியதால் அவருடைய கண்கள் வெளுத்துப்போயின. இறையருளில் மட்டும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. எனவே, பொறுமை என்பது அழாமல் இருப்பதன்று. அழும்போதும் நம்பிக்கையைக் கைவிடாதிருப்பதாகும்.

பின்னாளில் யூசுப் எகிப்தில் உயர்பதவி வகித்தார். தானியம் தேடி வந்த அண்ணன்மார் அவர்முன் நின்றனர். பழிவாங்கும் ஆற்றல் இருந்தும் அவர் மன்னித்தார். சினத்தை அடக்கி மன்னிப்போரை 3ஆம் அத்தியாயமும் போற்றுகிறது. சினமே எழாதவர் என்று அது கூறவில்லை. சினத்தை அடக்குபவர் என்றே கூறுகிறது. உணர்ச்சி எழுவது இயல்பு. அதனை ஆள்வதே அறம்.

பள்ளிவாசல் கஞ்சி உணர்த்துவதும் இதுவே. பசியை அறிந்தவர் பிறர் பசியையும் அறிவார். அவ்வாறு அறிந்து பகிரும்போது உள்ளம் நிறைகிறது.

சிந்தித்துக் கூறுக:
1. யஃகூப் நபியின் அழுகை பொறுமைக்கு முரணானதா? ஏன்?
2. உம்மை வருத்திய ஒருவரை மன்னிப்பதால் உமக்கு ஏற்படும் நன்மைகள் யாவை?