ஆடு மேய்ச்சவங்க ஆட்டு டாக்டர் ஆகலாமா?

குறிப்பா பத்தாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இதை நின்னு முழுசா படிங்க. மணி அடிச்சாலும் மீதியை மத்தியானம் வந்து படிங்க.

நான் பத்தாவது படிச்சப்போ, ஐப்பசியில முதல் மழை பெய்ஞ்சு அஞ்சாறு நாள்ல எங்க வீட்டுல ரெண்டு குட்டி செத்துப் போச்சு. ரெண்டும் நல்லா கொழுகொழுன்னு இருந்த கிடாக்குட்டிங்க. காலையில துள்ளிக்கிட்டு இருந்தது, மத்தியானம் கழுத்தைப் பின்னால வளைச்சு, காலை உதைச்சு, அவ்வளவுதான். அப்பத்தா "கண்ணு பட்டிருச்சு"ன்னு சொன்னாங்க. நாங்க கடையில கேட்டு ஏதோ மருந்து வாங்கி ஊத்தினோம். அது எங்க தப்பு.

மறுநாள் கால்நடை மருந்தகத்துக்கு மூணாவது குட்டியைத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மழைக்கு முன்னாடி ஊசி போட்டீங்களா?" போடலை. நோய்க்குப் பேர் துள்ளுமாரி. இந்தக் கிருமி ஆட்டுக் குடல்ல எப்பவுமே கொஞ்சம் இருக்குமாம். புது மழையில முளைச்ச இளம்புல்லை ஆடு வயிறு முட்ட மேய்ஞ்சா, கிருமி மளமளன்னு பெருகி நஞ்சைக் கக்கும். நல்லா மேயுற கொழுத்த குட்டிதான் முதல்ல சாகும். மெலிஞ்சது தப்பிச்சுக்கும். கண்ணு பட்ட மாதிரி தெரியறதுக்குக் காரணம் இதுதான்! வந்த பிறகு வைத்தியம் பார்க்க நேரம் இருக்காது. மழைக்காலத்துக்கு முன்னாடி தடுப்பூசி போடுறது ஒண்ணுதான் வழி. இந்த மாதிரித் தடுப்பூசிகளை நம்ம மாநிலத்துல ராணிப்பேட்டையில தயாரிக்கிறாங்க. அந்த நிறுவனம் 1932ல ஆரம்பிச்சது.

போகும்போது டாக்டர் என்கிட்ட, "டென்த்தா? என்ன குரூப் எடுக்கப் போற?"ன்னார். எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்வியாலதான் இந்தக் கட்டுரை.

கால்நடை மருத்துவப் படிப்புக்குப் பேர் பி.வி.எஸ்ஸி. அண்டு ஏ.ஹெச். மொத்தம் ஐந்தரை வருஷம். நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ல உருவானது. ஆனா அதோட மூத்த கல்லூரியான சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேயே ஆரம்பிச்சாச்சு. அடுத்தது 1985ல நாமக்கல். 2012ல ஒரத்தநாடும் திருநெல்வேலியும், 2020ல சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி மாவட்டம் வீரபாண்டியும் வந்தன. தேனி நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். திருநெல்வேலியும் பஸ்ல போற தூரம்தான்.

இதுல சேர பிளஸ் டூவில் உயிரியல் (இல்லேன்னா தாவரவியல், விலங்கியல்), இயற்பியல், வேதியியல் படிச்சிருக்கணும். மாநில இடங்களுக்கு நீட் கிடையாது. நிறைய பேருக்கு இது தெரியாது, நீட்னு நினைச்சுப் பயந்து விட்டுடறாங்க. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட் மார்க். மத்தபடி பிளஸ் டூ மார்க்கை 200க்குக் கணக்குப் போடுவாங்க. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதனால உயிரியல்ல ஒரு மார்க் போனா முழுசா போச்சு, வேதியியல்ல போனா பாதிதான். போட்டி கடுமை, அதை மறைக்கிறதுல அர்த்தம் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 2021ல வந்த சட்டப்படி, 6ஆம் வகுப்புல இருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இந்தப் படிப்புல 7.5 சதவீத இடம் தனியா இருக்கு. நூறு சீட்டுன்னா ஏழு எட்டு. ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கமே கட்டும்னு அறிவிச்சிருக்காங்க. ஆனா பத்தாவதுல நல்ல மார்க் வந்துட்டா, "பெரிய ஸ்கூல்ல சேர்த்து விடுவோம்"னு வீட்டுல தனியார் பள்ளிக்கு மாத்தறாங்க பாருங்க, அப்படி மாத்தினா அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கடன் வாங்கி ஃபீஸ் கட்டி, இருக்கிற சலுகையையும் விடுறதா? டி.சி. வாங்கறதுக்கு முன்னாடி இதை அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க.

டாக்டர் மட்டும்தான் வேலைன்னு நினைக்காதீங்க. எங்க பெரியம்மா மகன் ஒருத்தர் இருக்கார். மாட்டைப் பார்த்ததுமே சினையா இல்லையான்னு சொல்லிடுவார். ஆனா கூட்டாளிங்க எடுத்தாங்கன்னு கணக்கு கம்ப்யூட்டர் குரூப் எடுத்தார். கால்நடை மருத்துவத்துக்குப் போக முடியலை. சரி, விதின்னு இருந்துட்டார். கணக்கு, இயற்பியல், வேதியியல் படிச்சவங்களுக்கு அதே பல்கலைக்கழகத்துல பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம்னு நாலு வருஷ பி.டெக். இருக்கு, சென்னை பக்கம் கொடுவள்ளியில. பால் பண்ணை, பால் பவுடர், ஐஸ்கிரீம் ஆலை எல்லாம் அந்தப் படிப்போட வேலை. இது அவருக்குத் தெரிய வந்தப்போ விண்ணப்பத் தேதி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியிருந்தது. இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார். லீவுல வந்தா முதல்ல தொழுவத்துக்குத்தான் போவார்.

கோழின்னா ஓசூர்ல கோழியினத் தொழில்நுட்பம் இருக்கு. மீன்னா தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1977ல இருந்து இருக்கு. கால்நடை ஆய்வாளர் வேலைக்கு பிளஸ் டூ முடிச்சவங்களை எடுத்து, துறையே 11 மாசம் பயிற்சி கொடுக்கும். அறிவிப்பு அடிக்கடி வராது, பேப்பரைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

இனி நம்ம மலைக்கு வருவோம். கான்சாபுரத்துல நின்னு மேற்கே பார்த்தா தெரியற காடு 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. தென்னந்தோப்புக்குள்ள யானை வந்தா நமக்கு நஷ்டம், விரட்டினா யானைக்கு ஆபத்து. மலைமாடு வச்சிருக்கறவங்களுக்குக் காப்பகத்துக்குள்ள மேய்ச்சல் தடை. 2022ல உயர் நீதிமன்றமே அப்படி உத்தரவு போட்டுச்சு. ரெண்டு பக்க நியாயமும் தெரிஞ்ச ஆள் வனத்துறையில இருக்கணும்னா அது நம்ம ஊர்ப் பிள்ளையா இருந்தாத்தானே? வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகள் 2024ல இருந்து குரூப் 4 தேர்வோட வருது. எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, நடைத் தேர்வும் உண்டு. ஆண்களுக்கு 4 மணி நேரத்துல 25 கிலோமீட்டர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. மாட்டுக்குப் பின்னால நடந்த காலுக்கு இது பெரிய விஷயமா என்ன!

அணிலைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னா பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கலாம், சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலயே இருக்கு. பிறகு மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்ஸி. படிக்கலாம்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல 'யானை டாக்டர்' கதை வருதே, அது கற்பனை மனுஷன் இல்லை. டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, வனத்துறை கால்நடை மருத்துவர், முதுமலையிலயும் டாப்ஸ்லிப்லயும் வேலை பார்த்தவர். 2002ல காலமானார். காட்டுல யானை செத்துக் கிடந்தா அப்படியே விட்டுடக் கூடாது, பிரேதப் பரிசோதனை செய்யணும்னு பிடிவாதமா நின்னவர். அவர் படிச்சதும் நாம சொல்ற இதே கால்நடைப் படிப்புதான்.

ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால் தலையே வந்திருக்கு. அந்த வெள்ளைக் குட்டிகள்ல சிலது காது கேட்காம பிறக்கும். ஏன்னா, தோலுக்கு நிறம் கொடுக்கற அதே செல்கள் உள்காதுக்கும் வேணும். அது இல்லாமப் போனா காது வேலை செய்யாது. இதைப் படிக்கறதுக்குப் பேர் கால்நடை மரபியல். செவிடில்லாத ஜோடியைப் பார்த்து இனம் சேர்க்க, பணம் இருந்தா மட்டும் போதாது, இந்த அறிவும் வேணும்.

காலேஜ் போக வசதி இல்லை, ஆடு கோழியே வளர்க்கறேன்னு சொல்றவங்களுக்கு ராஜபாளையத்துலயே கால்நடைப் பல்கலைக்கழகத்தோட பயிற்சி மையம் இருக்கு. வெள்ளாடு, நாட்டுக்கோழி வளர்ப்பு சொல்லித் தர்றாங்க. வீட்டுல மாடு எழுந்திரிக்காம கிடந்தா 1962க்குப் போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நான் உயிரியல் குரூப்தான் எடுத்திருக்கேன். இயற்பியல்தான் கொஞ்சம் உதைக்குது. மூணாவது குட்டி பிழைச்சுக்கிச்சு, இப்போ அது தாய். இந்த வருஷம் புரட்டாசியிலயே எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு. அப்பத்தாதான் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு முதல் ஆளா வரிசையில நின்னாங்க.