பாதிதான் செலவு என்று ஒப்புக்கொள்வதற்கு முன்

கும்பகோணத்தில் பல் கிளினிக் நடத்துகிறேன். புதிதாகக் கிளினிக் போட்ட தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, 44ஏடிஏ-வில் போட்டுவிடலாமா?"

வருமான வரிச் சட்டத்தில் இது வசதியான பிரிவுதான். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டாம். அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். 2026 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் பிரிவு எண்தான் வேறு.

ஆனால் மீதிப் பாதிக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவாகக் கேட்க முடியாது. ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கும் பொது மருத்துவருக்கு அந்தப் பாதி தாராளம். நமக்கு அப்படியில்லை. ஒரு ஜிர்கோனியா கேப் போடுகிறோம். லேப் பில், அளவெடுக்கும் மெட்டீரியல், சிமென்ட், பர், கையுறை என்று போகிறது. வேர் சிகிச்சைக்கு ஸ்பெஷலிஸ்ட் வந்து போனால் அவருக்கும் ஒரு பங்கு. நோயாளி கொடுத்ததில் பாதி எப்போதோ கரைந்திருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. வரவு 30 லட்சம். லேப் 5, மெட்டீரியல் 4, உதவியாளர் சம்பளம் 4.2, வாடகை 3.6, வந்துபோகும் மருத்துவர்களுக்கு 3, மின்சாரம், கழிவு அகற்றல், இன்டெம்னிட்டி காப்பீடு முதலியவை 0.7, தேய்மானம் 0.5 லட்சம். மொத்தம் 21, மிஞ்சுவது 9 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 9 லட்சத்துக்கு வரியே இல்லை. அதே ஆளுக்கு 44ஏடிஏ-வில் வருமானம் 15 லட்சம்; செஸ்ஸோடு வரி 1,09,200 ரூபாய். பாதிக்குக் குறைவாகக் காட்டினால் புத்தகம் எழுதி ஆடிட் செய்தாக வேண்டும். ஆடிட்டர் கட்டணம் போனாலும் மிஞ்சும் பணம் சிறியதல்ல. புதிய முறையில் 80சி போன்ற கழிவுகள்தான் இல்லை. தொழில் செலவுக்குத் தடை கிடையாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

புத்தக வழி என்று முடிவெடுத்தால் பில்தான் உயிர். லேப்காரர் ஒவ்வொரு கேஸோடும் பல் எண் எழுதி அனுப்பும் துண்டுச்சீட்டை நான் எறிவதில்லை. மாதக் கடைசியில் வரும் பில்லை அந்தச் சீட்டுகளோடும் நோயாளிப் பதிவேட்டோடும் ஒத்துப்பார்த்து, மூன்றையும் சேர்த்துப் பின் அடித்து வைப்பேன். 36-ம் பல்லுக்குக் கேப் வந்தது, யாருக்குப் போட்டோம், எவ்வளவு வாங்கினோம் என்று ஒரே இடத்தில் தெரியும். எந்த அதிகாரி கேட்டாலும் இதைவிட நல்ல பதில் கிடையாது.

ரொக்கத்தில் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாகாது. கம்ப்ரசர், ஆட்டோகிளேவ் வாங்கினாலும் இதே கதிதான். அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. டென்டல் சேருக்குத் தேய்மானம் 15 சதவீதம், கணினிக்கு 40. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதிதான். பெரிய கருவியைச் செப்டம்பருக்குள் வாங்கிப் பொருத்தச் சொல்வது இதனால்தான். 44ஏடிஏ-வில் போட்ட ஆண்டுகளிலும் தேய்மானம் கழிந்ததாகவே சட்டம் கருதும். பிறகு கேட்கலாம் என்று சேர்த்துவைக்க முடியாது.

பல் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற வழியில்லை. பில்லில் உள்ள ஜிஎஸ்டியையும் சேர்த்துச் செலவெழுதுங்கள். விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

சொந்தக் கட்டடம் என்றால் உங்களுக்கு நீங்களே வாடகை போட முடியாது. அம்மா பெயரில் இருந்தால் ஒப்பந்தம் எழுதி, ஊர் நிலவரப்படி வாடகையை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அவரும் அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். மேலே வீடு, கீழே கிளினிக் என்றால் முதல் வேலையாகத் தனி மீட்டர் வாங்குங்கள்.

நோயாளியை அனுப்பியவருக்குக் கொடுக்கும் கமிஷனை எந்தத் தலைப்பிலும் எழுதாதீர்கள். நம் தொழில் ஒழுக்க விதி அதைத் தடுக்கிறது. தடை செய்யப்பட்டதற்குக் கொடுத்த பணத்தை வருமான வரிச் சட்டமும் செலவாக ஏற்காது. அதைக் கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.