ஆங்கிலக் கடிதத்தில் வியப்புக்குறி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், விண்ணப்பத்துடன் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் இணைக்கிறார்கள். அதே கடிதத்தைச் சிறிது மாற்றிக் கல்லூரி முதல்வருக்கும், கல்விக்கடன் கேட்டு வங்கி மேலாளருக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் கடிதங்களில் எழுத்துப்பிழையைவிட முதலில் கண்ணில் படுவது ஒரு சின்னக் குறிதான். செங்குத்தாக ஒரு கோடு, அதன் கீழே ஒரு புள்ளி. அதை நாம் வியப்புக்குறி என்கிறோம். உணர்ச்சிக்குறி என்றும் சொல்வதுண்டு.

இக்குறி எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பதே இம்மாதப் பாடம். ஆங்கிலம் வாசிக்கப் பழகாத உம்மாவும் வாப்பாவும் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக, ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

தமிழில் ஒரு குறிக்கு இரண்டு வேலை

இந்தத் தவறு ஏன் வருகிறது? பிள்ளைகளின் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. தமிழில் வியப்புக்குறிக்கும் விளிக்குறிக்கும் அடையாளம் ஒன்றுதான். வியந்தாலும் அதே குறி. ஒருவரை அழைத்தாலும் அதே குறி. மேடையில் பேசுபவரின் உரையை அச்சிடும்போது "பெரியோர்களே! தாய்மார்களே!" என்று போடுகிறோம். அழைப்பிதழில் "அன்புடையீர்!" என்றும், சுவரொட்டியில் "அனைவரும் வருக!" என்றும் எழுதுகிறோம். இங்கெல்லாம் அது மரியாதையும் அழைப்பும்தான். யாரும் சத்தம் போடவில்லை.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒருவரை அழைக்கும் இடத்தில் அங்கே காற்புள்ளிதான் வரும். கடிதத் தொடக்கத்தில் "டியர் சார்," என்றே எழுத வேண்டும். "டியர் சார்!" என்று எழுதினால் அது மரியாதையாகப் படாது, ஆளைக் கூவி அழைப்பதுபோல் இருக்கும். ஜெர்மன் மொழியில் முன்பு கடித விளிக்குப்பின் இந்தக் குறியைத்தான் போட்டார்கள். இப்போது அவர்களும் காற்புள்ளிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே தமிழ் வழக்கு தவறு என்றில்லை. ஒரு மொழியின் வழக்கை இன்னொன்றில் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு.

துயரம் மகிழ்ச்சியாகிவிடும் இடம்

இப்படி ஒரு கடிதத்தை எண்ணிப் பாருங்கள்:

"டியர் சார்! ஐ ஆம் எ ஸ்டூடன்ட் ஆஃப் ட்வெல்த் ஸ்டாண்டர்டு! மை ஃபாதர் இஸ் நோ மோர்! ப்ளீஸ் ஹெல்ப் மீ!!!"

தமிழ் மனத்தோடு வாசிப்பவருக்கு இதில் ஒரு பிள்ளையின் தவிப்பு தெரியும். ஆங்கிலக் கடிதங்களையே நாள்தோறும் பார்க்கும் அலுவலருக்கோ வேறு மாதிரி கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் என்பதில் வியக்க என்ன இருக்கிறது? தகப்பனார் இறந்த செய்திக்குப் பின்னால் அந்தக் குறி நிற்கும்போது, உற்சாகத்தோடு சொன்ன செய்திபோல் ஆகிவிடுகிறது. கடைசியில் மூன்று குறிகள் சேர்ந்ததும் வேண்டுகோள் வற்புறுத்தலாக மாறிவிடுகிறது. கடிதத்தில் எந்த வரி நெஞ்சைத் தொட வேண்டுமோ, அந்த வரிதான் கெட்டுப்போகிறது.

அதையே இப்படி எழுதலாம்:

"டியர் சார், ஐ ஆம் எ ஸ்டூடன்ட் ஆஃப் ட்வெல்த் ஸ்டாண்டர்டு. மை ஃபாதர் பாஸ்டு அவே வென் ஐ வாஸ் இன் சிக்ஸ்த் ஸ்டாண்டர்டு. மை மதர் ரன்ஸ் த ஃபேமிலி பை டெய்லரிங். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கன்சிடர் மை அப்ளிகேஷன்."

ஆறாம் வகுப்பில் தந்தையை இழந்தது, தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துவது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கேட்பது ஆகிய மூன்றையும் இதில் சொல்லியாயிற்று. ஒரு வியப்புக்குறியும் இல்லை. ஆனாலும் வாசிப்பவர் மனம் இரங்கும். வேண்டுகோளுக்கு வலுச் சேர்ப்பது விவரம்தான். குறியைப் பெருக்கினால் வலு கூடாது, கௌரவம்தான் குறையும்.

அனுதாபக் கடிதத்திலும் இதே கவனம் வேண்டும். "ஐ ஆம் சாரி டு ஹியர் அபவுட் யுவர் லாஸ்." முற்றுப்புள்ளியோடு முடிக்க வேண்டும். அங்கே வியப்புக்குறி போட்டால் ஆறுதல் சொல்லப்போய் மனத்தைப் புண்படுத்திவிடுவோம்.

எங்கே போட வேண்டும்?

1. 'வாட்', 'ஹவ்' என்று தொடங்கும் வியப்பு வாக்கியங்களில். "வாட் எ பிக் ஹவுஸ் இட் இஸ்!" என்றால் "எவ்வளவு பெரிய வீடு!" என்று பொருள். "ஹவ் பிக் த ஹவுஸ் இஸ்!" என்றாலும் அந்த வீட்டின் அளவைப் பார்த்த வியப்புதான். ஆனால் "ஹவ் பிக் இஸ் த ஹவுஸ்?" என்றால் அது கேள்வி. 'இஸ்' என்ற வினைச்சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கடைசியில் நின்றால் வியப்பு. 'த ஹவுஸ்' என்பதற்கு முன்னால் வந்துவிட்டால் கேள்வி. இங்கிலாந்தின் கல்வித்துறை 2016-ல் தொடக்கப்பள்ளித் தேர்வுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும், 'வாட்' அல்லது 'ஹவ்' என்று தொடங்கி வினைச்சொல்லும் உள்ள வாக்கியத்தையே வியப்பு வாக்கியமாக ஏற்க வேண்டும் என்றது.

2. உணர்ச்சிச் சொல்லுக்குப் பின். "ஹுர்ரே! வீ ஹாவ் வன் த மேட்ச்." குறி முதல் சொல்லோடு நின்றுவிட்டது; வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடிகிறது. இரண்டு இடத்திலும் போட வேண்டியதில்லை.

3. அவசரக் குரலில். "ஸ்டாப்!", "ஹெல்ப்!", "ஃபயர்!" போன்றவை. சாதாரணமாகச் சொல்லும் ஏவலுக்கு இது வேண்டாம். "ப்ளீஸ் சென்ட் மீ த சர்டிஃபிகேட்." என்று முற்றுப்புள்ளி வைத்தால் வேண்டுகோள். வியப்புக்குறி வைத்தால், 'ப்ளீஸ்' என்ற சொல் இருந்தும் அதட்டல்.

4. வாழ்த்தில். "கங்கிராஜுலேஷன்ஸ்!", "ஈத் முபாரக்!" என்று வாழ்த்து அட்டையிலும் கைபேசிச் செய்தியிலும் தாராளமாக எழுதலாம். மகிழ்ச்சியைக் காட்டத்தானே அந்தக் குறி.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு

வியப்பு வாக்கியத்தைச் செய்தி வாக்கியமாக மாற்றச் சொன்னால், சொற்களோடு குறியும் மாற வேண்டும். "ஹவ் பியூட்டிஃபுல் த ஃப்ளவர் இஸ்!" என்பது "த ஃப்ளவர் இஸ் வெரி பியூட்டிஃபுல்." என்றாகும். 'ஹவ்' போய் 'வெரி' வந்ததும் முற்றுப்புள்ளி வர வேண்டும். பழைய குறியை அப்படியே விட்டுவிட்டால் மாற்றம் முழுமையாகாது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போதும் இதே விதிதான். ஒருவர் வியந்து சொன்னதை நாம் 'எக்ஸ்க்ளெய்ம்டு தட்' என்று எடுத்துச் சொல்கிறோம். வியப்பு அவருடையது, செய்தி நம்முடையது. ஆகவே முடிவில் முற்றுப்புள்ளி.

நேர்க்கூற்றாகவே எழுதினால், வியப்புக்குறி மேற்கோள்குறிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அதன்பின் தனியாக முற்றுப்புள்ளி தேவையில்லை. வியப்புக்குறியில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கிறதே. குறிக்கு முன்னால் இடைவெளி விடக்கூடாது. பின்னால் விட வேண்டும்.

எண்ணுக்குப் பின்னால் இக்குறியை ஒட்டவைக்காமல் இருப்பதும் நல்லது. கணிதத்தில் 5! என்றால் 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 120. "எங்கள் வீட்டில் பிள்ளைகள் 5!" என்று எழுதினால், மேல்நிலை வகுப்பில் கணிதம் படிக்கும் பிள்ளை சிரித்துவிடும்.

அருமையாக இருந்தது எளிதாகிவிட்டது

தட்டச்சுப் பயிலகத்தில் படித்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் வியப்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. மேலே நிற்கும் ஒற்றை மேற்கோள்குறியை அடித்து, ஓர் இடம் பின்னால் வந்து, அதே இடத்தில் முற்றுப்புள்ளியை அடிக்க வேண்டும். ஒரு குறிக்கு இத்தனை வேலை என்றால், தேவைதானா என்று யோசித்துத்தான் அடிப்பார்கள். இன்று கைபேசியில் விரல் பட்டாலே வரிசையாக வந்து நிற்கிறது. தோழிக்கு அனுப்பும் செய்தியில் அது விளையாட்டு, இருந்துவிட்டுப் போகட்டும். ஆசிரியருக்கும் அலுவலகத்துக்கும் எழுதும் கடிதத்துக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வேலை

மற்ற பிழைகளைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தெரிய வேண்டும். இந்தக் குறியைக் கண்டுபிடிக்கக் கண் தெரிந்தால் போதும். பிள்ளை ஒரு கடிதத்தை எழுதி முடித்ததும் வாங்கிப் பாருங்கள். குறிகளை எண்ணுங்கள். உதவி கேட்கும் கடிதம், விடுப்புக் கடிதம், வேலை விண்ணப்பம் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருப்பதே நல்லது. இருந்தால் விரல் வைத்து, "இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? இதில் வியப்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், அந்த இடத்தில் முற்றுப்புள்ளி போடச் சொல்லுங்கள். "டியர் சார்" என்பதற்குப் பக்கத்தில் இருந்தால் காற்புள்ளி.

இவ்வாண்டு விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் கடிதத்தை உறையில் இடுவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் காட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

செயலாளர்